ஏழாம் நாற்காலிக்குக் கண்டனம்

ஜனவரி 9

மாட்சிமை பொருந்திய அத்தை அவர்களுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் பல்லாண்டு காலம் காந்தத்தின் பிடியில் வீற்றிருந்த தங்கள் புகைப்படம், நேற்று மாலை குடும்பத்தினர் முன்னிலையில் கீழிறக்கப்பட்டு, வாஷிங் மெஷினுக்குப் பின்புறம் இடமாற்றம் செய்யப்பட்டது. காந்தம் மட்டும் நன்னடத்தை காரணமாகப் பணியில் தொடர்கிறது. இப்போது கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் தபாலில் வருகிறேன். ஒரே நாளில் உங்களுக்கு நாற்பது ஆந்தைப் படம் அனுப்பியது தப்புதான். முப்பத்தொன்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை பனிச்சறுக்கு நடனத் தேர்வுப் போட்டி, பெண்கள் பிரிவு. முதல் இரண்டு பேருக்கு அணியில் இடம். மூன்றாவது வருகிறவருக்குப் பூங்கொத்தும் அனுதாபமும். அக்கா மூன்றாவது. இரண்டாவது வந்தவள் எங்கள் கோச்சின் சொந்த மகள். வித்தியாசம் அரைப் புள்ளிகூடக் கிடையாது. நடுவர்கள் ஏழு பேர். ஏழாவது நாற்காலியில், கோட்டுப் பித்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. அக்காவின் காலில் முதல்முதலாக ஸ்கேட்டிங் பூட்ஸை மாட்டிக் கயிறு கட்டிவிட்ட அதே கை.

மதிப்பெண் தாளை வரி வரியாகப் பார்த்தேன். அக்கா இரண்டு தடவை போட்ட லட்ஸ் தாவலுக்கு இரண்டு தடவையும் நீங்கள்தான் ஆகக் குறைவு. 'வெளிப்பாடு' என்ற பத்தியிலும் நீங்கள்தான். ஆறு பேர் ஒரு கரை, அத்தை மறு கரை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அக்கா அன்று சறுக்க வேண்டிய இடத்தில்தான் சறுக்கினாள். சறுக்கக்கூடாத இடத்தில் சறுக்கியது உங்கள் பேனா.

கடைசியில் இடி இடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? அக்கா சுழல, இடி உருள, அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அந்த இடி அடியேன் கைவண்ணம். அவளுடைய இசையை வெட்டி ஒட்டித் தந்தது நான். மொத்த ஊரும் எழுந்து நின்றது. ஏழாவது நாற்காலி மட்டும் எழவில்லை.

தாளின் அடியில் 'கழிவு: 1' என்று வேறு போட்டிருக்கிறது. சட்டைக் கையிலிருந்து ஒரு பாசிமணி உதிர்ந்து ஐஸில் விழுந்ததற்கான தண்டனை அது. சட்டையைத் தைத்தது அம்மா. உதிர்ந்தது ஒரு மணிதான். அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகவே, அப்பாவின் கையெழுத்தில், என் வாசகத்தில், ஸ்கேட்டிங் சங்கத்துக்கு ஒரு புகார் போயிருக்கிறது. குடும்பப் பகையை மனதில் வைத்து மதிப்பெண் குறைத்த இவரை நடுவர் பட்டியலிலிருந்து நீக்குக.

இத்துடன் கண் பரிசோதனை அட்டை ஒன்று இணைத்துள்ளேன். இலவசம்.

இப்படிக்கு,
நீங்கள் வைத்த பெயரே இருக்கட்டும்,
அறுந்த வால்


ஜனவரி 17

அறுந்த வாலுக்கு,

அட்டை வந்தது. சுவரில் மாட்டி, அறையின் அந்தக் கோடியில் நின்று வாசித்தேன். கடைசி வரி தெரிகிறது. அதற்கும் கீழே அச்சடித்தவர் பெயரும் தெரிகிறது. அட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். புகார் எழுதியவனுக்குத் தேவைப்படும்.

நடுவரைத் திட்டுவதற்கு முன் நடுவர் என்ன பார்த்தார் என்று கேட்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இல்லை. உன் அப்பாவுக்கும் இருந்ததில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

லட்ஸ் என்பது பூட்ஸுக்கு அடியில் இருக்கிற கத்தியின் வெளிவிளிம்பில் சாய்ந்து ஏற வேண்டிய தாவல். கஷ்டம் அந்தச் சாய்வில்தான் இருக்கிறது. உன் அக்கா ஏறுகிற கடைசி நொடியில் உள்விளிம்புக்கு உருண்டுவிட்டாள். படியேறச் சொன்னால் சரிவில் ஏறி வந்து மேலே நிற்கிற மாதிரி. மேலே வந்து நின்றது நிஜம், படியேறவில்லை என்பதும் நிஜம். என் நாற்காலி வரிசையின் கோடியில் இருந்தது. அந்த மூலை எனக்கு நேர் எதிரே. மற்ற ஆறு பேருக்கும் அவள் முதுகுதான் தெரிந்திருக்கும். ஆறு பேர் பார்க்கவில்லை என்பதால் நடந்தது நடக்காமல் போய்விடுமா?

அடுத்தது வெளிப்பாடு. இசையில் ஒருத்தி எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறாள். உன் அக்கா என்ன செய்தாள்? முதல் நாற்காலியில் தொடங்கி ஏழாவது வரை வரிசையாக ஒரு சிரிப்பு, கல்யாண வாசலில் நிற்கிற மாதிரி. அது ஐஸ் மைதானம், ஐஸ் வைக்கிற மைதானம் இல்லை. அவள் வயதில் என்னிடமும் ஒரு நடுவர், "கொஞ்சம் சிரிம்மா, உடம்பையும் கொஞ்சம் குறை"ன்னு சொன்னார். நான் சிரித்தேன். பட்டினி கிடந்து சிரித்தேன். நடுவராக உட்கார்ந்த அன்று முடிவு செய்தேன், சிரிப்புக்கு என் பேனாவில் மை கிடையாது என்று.

குடும்பப் பகையாம். என் மருமகள் ஆடுகிறாள் என்று போட்டிக்கு முன்பே எழுதிக் கொடுத்தேன். வேறு ஆள் இல்லை, உட்காருங்கள் என்றார்கள்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு வரியிலும் ஏழு மதிப்பெண்ணில் ஆக அதிகமானதையும் ஆகக் குறைந்ததையும் தூக்கி எறிந்துவிட்டுத்தான் சராசரி போடுவார்கள். என் மதிப்பெண் குப்பைக்கூடைக்குப் போனது. குப்பைக்கூடைக்குள் போனது உன் அக்காவின் காலை எப்படி வாரிவிடும்?

முட்டி போன பிறகு ஐஸ் பக்கம் போவதற்கு எனக்கு இருக்கிற ஒரே வழி அந்த நாற்காலி. அதைப் பிடுங்க ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் புகார் எழுதுகிறான், அப்பன் கையெழுத்துப் போடுகிறான். குளிர் விட்டுப்போச்சு உங்களுக்கு.

அத்தை


ஜனவரி 24

கோடி நாற்காலியில் கோடி கண்ணுடைய அத்தைக்கு,

கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். 'குளிர் விட்டுப்போச்சு' வரை வாசித்துவிட்டு, "அவளுக்கு வாய் மட்டும் இன்னும் உறையல"ன்னு சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அக்காவிடம் காட்டவில்லை. அவள் ஸ்கேட்டிங் பையின் ஜிப்பை அன்றிலிருந்து திறக்கவில்லை. கோச்சுக்கும் பதில் சொல்வதில்லை. "அந்தத் தாள் என் ரூமுக்குள்ள வரக்கூடாது"ன்னு முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள். அதனால் இந்தப் பனிப்போரை நான் தனியாகத்தான் நடத்த வேண்டியிருக்கிறது.

முதலில் குப்பைக்கூடை. மதிப்பெண் தாளை மேசையில் விரித்து, உங்கள் மதிப்பெண்ணுக்குப் பதிலாக மற்றவர்கள் போட்டதையே போட்டுப் பார்த்தேன். லட்ஸ் வரியில் உங்களுக்கு அடுத்தபடியாகக் குறைத்தவர் மூன்றாம் நாற்காலி. நீங்கள் ஒழுங்காகப் போட்டிருந்தால் ஆகக் குறைந்தது அவருடையதுதான். கூடைக்குப் போயிருக்க வேண்டியது அதுதான். கூடைக்குள் நீங்கள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டதால், அது மேசையிலேயே தங்கிச் சராசரியை இழுத்துவிட்டது. "நான் குப்பையில்தானே இருந்தேன்" என்கிறீர்கள். குப்பைத்தொட்டியில் இடம் பிடிப்பதும் குற்றம்தான், அத்தை! வெளியே நாறுவது யாருடையது?

அடுத்தது சிரிப்பு. அதே சனிக்கிழமை, அதே நாற்காலியில், ஆண்கள் போட்டிக்கும் நீங்கள்தான். அதில் ஜெயித்தவன் முகத்தைப் பார்த்தேன். பல்வலி. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பல்வலி. அவனுக்கு வெளிப்பாட்டில் நீங்கள் அள்ளிக் கொடுத்திருக்கிறீர்கள். அவன் முறைத்தால் ஆழ்ந்த பாவம், அக்கா சிரித்தால் ஐஸ். அவள் முறைத்திருந்தால்? "பொண்ணு மூஞ்சில ஒரு களையே இல்லையே"ன்னு மற்ற ஆறு பேரும் குறைத்திருப்பார்கள். சிரித்தாலும் அடி, சிரிக்காவிட்டாலும் அடி. சிரிக்கச் சொன்னது யார் தெரியுமா? கோச். அவர் மகளும்தான் சிரித்தாள். அவளுக்கு மட்டும் நீங்கள் குறைக்கவில்லை. பார்த்தேன்.

நடுவர் என்றால் நடுவில் இருப்பவர் என்று நினைத்தேன். நீங்கள் கோடியில் உட்கார்ந்ததோடு சரி.

விசாரணைத் தேதி வந்துவிட்டது, பிப்ரவரி 20. பேச ஆள் வேண்டாம், நானே பேசுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கிறேன். கண்ணாடியே கண்கலங்குகிறது.

வால்


பிப்ரவரி 2

வாலுக்கு,

ஒரு வாரம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நீ சொன்னதைச் சரிபார்த்தேன்.

கூடை விஷயத்தில் உன் கணக்கு சரி. என் மதிப்பெண் எறியப்பட்டாலும் அதன் நிழல் மேசையில் விழுந்தது. இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், இதை இப்படி யோசித்ததில்லை. ஆனால் அதற்காக, பார்த்ததைப் பார்க்கவில்லை என்று போட மாட்டேன். அப்படிப் போட்டால் அது மதிப்பெண் இல்லை, மொய்.

பல்வலிக்காரன் விஷயத்திலும் நியாயம் உன் பக்கம்தான். வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். கோச்சின் மகள் சிரித்ததையும் பார்த்தேன். அவளுக்கு நான் குறைத்திருக்க வேண்டும், குறைக்கவில்லை. என் வீட்டுப் பெண் சிரித்தது எனக்கு எரிந்தது, அடுத்த வீட்டுப் பெண் சிரித்தது எரியவில்லை. அதை விசாரணையில் நானே சொல்வேன். நீ தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது என் முறை.

நேற்று உன் அம்மா போன் செய்தாள். இத்தனை சண்டைக்கு நடுவிலும் அவள்தான் செய்வாள். என்னைத் திட்டுவதற்கு என்று நினைத்தேன். அழுதாள். "என் ஊசிதான் என் பொண்ணக் கவுத்துடுச்சு. ஒத்த நூல்ல தைச்சிட்டேன், ரெட்டையாப் போட்டிருந்தா மணி உதிர்ந்திருக்காது"ன்னாள். "யாரு சொன்னா?"ன்னு கேட்டேன். "தம்பிதான் தாளைப் பாத்துச் சொன்னான்"னாள்.

மணி உதிர்ந்ததை அன்று எந்த நடுவரும் பார்க்கவில்லை. அந்தக் கழிவு மணிக்கு இல்லை. நேரத்துக்கு. ஆட்டத்துக்கு இத்தனை நிமிடம்தான் என்று எல்லை உண்டு, தாண்டினால் ஒரு புள்ளி போகும். உன் அக்காவின் ஆட்டம் எல்லைக்குள் அழகாக முடிந்துவிட்டது. முடிந்த பிறகு ஒரு இடி இடித்தது. அவள் முகத்தை நான் பார்த்தேன், அவளுக்கே அது தெரியாது. இசை ஓடும்போது நின்றுவிட்டால் அசிங்கம் என்று, அந்தப் பாழாய்ப்போன இடி அடங்கும் வரை சுழன்றுகொண்டே இருந்தாள். தலைமை நடுவர் எங்களிடம் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார்.

அந்த ஒரு புள்ளி இருந்திருந்தால் அவள் இரண்டாவது. என் மதிப்பெண்ணையும் சேர்த்தே சொல்கிறேன்.

கண் பரிசோதனை அட்டையை நீயே வைத்துக்கொள்.

அத்தை


பிப்ரவரி 8

அத்தைக்கு,

பொய்.

நீளத்தை நான் அளந்தேன். அக்கா, "சரியா இருக்காடா?"ன்னு கேட்டாள், கோடு போட்ட மாதிரி இருக்குன்னு சொன்னேன், இருந்தது. இடியைச் சேர்த்தது அதற்கப்புறம், போட்டிக்கு முந்தின நாள். ஒரு சர்ப்ரைஸ். அதுவும் எவ்வளவு? ஒரு கொட்டாவி நீளம். ஒரு கொட்டாவிக்கு ஒரு புள்ளியா? இதுதான் உங்கள் ஊர் நியாயமா? தலைமை நடுவரின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று யாராவது பார்த்தார்களா?

அரங்கமே எழுந்து நின்றது. அது பொய்யா?

தாளில் 'கழிவு: 1' என்றுதான் இருந்தது. காரணம் போடவில்லை. மணி உதிர்ந்ததை நான் பார்த்தேன், மணிக்கு என்று நினைத்தேன். வேண்டுமென்று சொல்லவில்லை. காரணத்தைப் போடாதது உங்கள் சங்கத்தின் தப்பு. இன்னொரு புகார் எழுதுவேன்.

அம்மா இன்று அந்தச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு எல்லா மணியையும் பிரிக்கிறாள். ரெட்டை நூலில் மறுபடி தைக்கப் போகிறாளாம். "அடுத்த தடவ உதிராது பாரு"ன்னு என்னிடமே சொன்னாள். கத்தரியை எடுத்துக் கொடுத்தேன்.

நீங்கள் அவளிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லிவிட்டால் சொல்லிவிட்டேன் என்று எழுதுங்கள்.


பிப்ரவரி 13

வாலுக்கு,

சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உனக்கு நான் தபால்காரி இல்லை.

விசாரணையிலும் இடியைப் பற்றிப் பேச மாட்டேன். என்னைக் கேட்கப் போவது என் மதிப்பெண்ணைப் பற்றித்தான், அதற்கு மட்டும் பதில் சொல்வேன். உன் கூடைக் கணக்கைச் சொல், பல்வலிக்காரனைச் சொல். ரெண்டும் நியாயம். என் நாற்காலி போனால் போகட்டும்.

ஆனால் அங்கே நின்றுகொண்டு, ஏழாவது நாற்காலியால்தான் அக்கா தோற்றாள் என்று நீ பேசினால், நான் உன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். என் கண் எப்படி என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மா கையில் ஊசி இருக்கிற வரைக்கும் எனக்கு எழுதாதே.

அத்தை


பிப்ரவரி 22

அத்தைக்கு,

ஊசி இறங்கிவிட்டது. எழுதலாம் அல்லவா?

முந்தாநாள் விசாரணையில் உங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே நடந்ததை வரலாறு இழந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

மூன்று உறுப்பினர்கள். நீள மேசை. நான் எழுந்தேன். நாற்காலி கிரீச்சிட்டது, அறை அடங்கியது. "மதிப்பிற்குரிய உறுப்பினர்களே! இந்தப் புகாரை எழுதிய கை இதுதான். திரும்பப் பெறுகிற கையும் இதுதான். அந்த ஒரு புள்ளியைத் தின்றது என் இடி!" என்று முழங்கினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா என் தோளில் தட்டினார். அம்மாவிடம் முன்பே நேருக்கு நேர் நின்று, கண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தேன். அக்காவிடமும் சொன்னேன். "நீ ஆம்பளடா"ன்னாள்.

மேலே உள்ள பத்தியை மூன்று தடவை வாசித்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. நடக்கவில்லை, அவ்வளவுதான்.

நடந்தது இது. "புகாரை எழுதுனது யாரு தம்பி?"ன்னு செயலாளர் கேட்டார். ஒத்திகை பார்த்த வசனம் மொத்தமும் எங்கேயோ போய்விட்டது. "பாட்டு நீளம்"ன்னேன். "எந்தப் பாட்டு?"ன்னார். விக்கல் வந்துவிட்டது. சும்மா விக்கல் இல்லை, மேசை அதிர்கிற விக்கல். வாசலில் நின்றவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாதி சட்டையில் போனது. மீதியை அப்பா சொன்னார். தோளில் தட்டவில்லை. வெளியே வந்து கார் கதவைத் திறக்கும்போது, "கையெழுத்து என்னுது. படிக்காமப் போட்டேன். அத உன் அத்தைக்கு எழுது"ன்னார். எழுதிவிட்டேன்.

புகார் திரும்பிவிட்டது. ஆனால் விசாரணை தொடங்கியதால் இந்த சீசன் முடியும் வரை உங்களை உட்காரவைக்க மாட்டார்களாம். விதியாம். அதை எப்படித் திரும்பப் பெறுவது என்று செயலாளரிடம் கேட்டேன். "அதுக்கெல்லாம் வழி இல்ல தம்பி"ன்னார்.

அம்மாவிடம் நேருக்கு நேர் சொல்லவில்லை. பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னேன். "கேக்கல, குழாய மூடிட்டுச் சொல்லு"ன்னாள். மூடிவிட்டுச் சொன்னேன். "அப்ப மணி?"ன்னாள். "மணி இல்லம்மா." கத்தரியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "வெளிய வா"ன்னாள். "அடிப்பீங்களா?"ன்னேன். "மொதல்ல வெளிய வா"ன்னாள். அதற்கு மேல் உங்களுக்குத் தேவையில்லை.

உங்கள் லட்ஸ் மதிப்பெண் சரி என்று நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வெளிப்பாட்டு மதிப்பெண் தப்பு என்று நீங்களே ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் போட்டோ அங்கேயேதான் இருக்கிறது. எட்டவில்லை.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவும் அப்பாவும், "நீயே சொல்லு"ன்னு விட்டுவிட்டார்கள். அவள் இன்னும் ஏழாவது நாற்காலிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். தினமும் சொல்லத்தான் போகிறேன். கதவைத் தட்டுகிறேன். "என்னடா?"ன்னு கேட்கிறாள். "சார்ஜர் இருக்கா?"ன்னு கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். இந்த வீட்டின் எல்லா சார்ஜரும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன.

இனிமேல் அவளிடம் கேட்க ஒன்றும் இல்லை. அதனால் இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, உங்கள் முகவரி எழுதி, ஒட்டாமல் அவள் மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடப் போகிறேன். இது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், ஒட்டியது நான் இல்லை.

வால்